கஞ்சி வைத்தவள்

நொய்க்கஞ்சி அடிப்பிடித்துவிட்டதடி. காய்ச்சலோடு இந்தச் சிங்கப்பூர் ஃபிளாட்டில் நானே வைத்து நானே தீய்த்தேன். அந்த வாசனையில் உன் வீட்டு மாடிப்படி ஞாபகம் வந்துவிட்டது. மேசையில் வேறு ஒரு வேலை கிடக்கிறது. ஏதோ கருத்தரங்காம், என் தொழில் பின்னணியை ஒரு பத்தியில் கேட்டிருக்கிறார்கள்.

பன்னாட்டு வரி வழக்கறிஞர், சென்னையில் ஆரம்பித்தவர் என்று எழுதிவைத்திருக்கிறேன். சுத்தப் பொய். என் தொழில் ஆரம்பித்தது நம் ஊர்ச் செங்கம் ரோட்டில், நீ வாடகைக்கு விட்டிருந்த மாடி அறையில்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. கறுப்புக் கோட்டு தைத்தாயிற்று, கட்சிக்காரர்தான் ஒருவரும் இல்லை. சாயங்காலமானால் உன் வீட்டுக் காபிக்கு வந்துவிடுவேன். "இவ்ளோ படிச்சிட்டு கடைசில கணக்குப்புள்ள வேலைதானாடி?" என்று வாருவாய்.

மாடியில் இருந்த ஜெர்மன்காரப் பெரியவரின் ஓய்வூதியத்துக்கு இரண்டு நாடும் வரி கேட்டபோது, நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். இரண்டு பக்கமும் கட்டினால் அவரால் இங்கே காலம் தள்ள முடியாது. திரும்பிப் போனாலோ, அங்கே பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் தவிர அவருக்கு யாருமில்லை. "வாடகைக்காக சொல்றேன்னு நெனச்சுக்காத," என்றாய். கொஞ்சம் அதற்காகவும்தான், கள்ளி.

இரு நாட்டு ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் வீடு இருந்தால், ஒருவரின் வாழ்க்கை எந்த நாட்டோடு நெருக்கம் என்று பார்ப்பார்களாம். நான் சொத்து, வங்கிக் கணக்கு என்று அவரைக் குடைந்துகொண்டிருந்தேன். நீ குறுக்கே புகுந்தாய்.

"அதெல்லாம் வுடுடி. ஜுரத்துல கெடந்தாரே, யாரு கஞ்சி வெச்சுக் குடுத்தாங்க? நானு. அத கேக்கமாட்டாங்களா உங்க சட்டத்துல?"

பெரியவர் தன் அரைகுறைத் தமிழில், "ஆமா. உப்பு ஜாஸ்தி," என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

கஞ்சியை அப்படியே எழுத முடியுமா? அவர் பார்க்கும் டாக்டர், பால் ஊற்றுபவர், பௌர்ணமிக்குக் கூடவே மலை சுற்றுபவர்கள் என்று எல்லோரையும் எழுதினேன். வரி அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டார்கள். கடைசிவரை அவர் உன் மாடியில்தான் இருந்தார்.

அன்றிலிருந்து எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், காகிதங்களைப் பார்த்து முடித்த பிறகு ஒன்று கேட்பேன்: உடம்புக்கு முடியவில்லை என்றால் யார் வருவார்கள்? சிலர் சட்டென்று பெயர் சொல்வார்கள். சிலர் காகிதங்களை மறுபடி அடுக்க ஆரம்பிப்பார்கள். அவர்களோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

சற்றுமுன் என் ஜூனியர் பெண் ஃபோன் செய்தாள். "ஜுரம்னு சொன்னீங்களே மேடம், யாரு இருக்காங்க கூட?" என்றாள்.

"ஊர்ல ஃப்ரெண்டு இருக்கா. ஒரு ஃபோன் போட்டா வந்துடுவா," என்று உன் பெயரைச் சொன்னேன்.

ஃபோனை வைத்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. பாவி, இப்படியா போவாய்? அழுது முடித்து, தீயாத கஞ்சியை மட்டும் கிண்ணத்தில் வழித்து எடுத்தேன். உப்பை உன் கைக்கணக்கில் போட்டேன். ஜாஸ்திதான். முழுவதும் குடித்துவிட்டேன்.