ஏழு சைக்கிளும் ஒரு சங்கிலியும்

1962 ஏப்ரல் 29, ஞாயிறு

தவராசாவின் சைக்கிள் போய்விட்டது. என் தங்கை ஜெகதீஸ்வரியின் புருஷன். மூன்று மைல் தள்ளி அடுத்த வாய்க்காலோரம் காணி. கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதற்குள் வேலியில் சாத்தியிருந்த சைக்கிள் இல்லை. பட்டப்பகல்.

காடு வெட்டிக் குடியேறிய நாளிலிருந்து இங்கே ஒரு வழக்கம். அவசரமென்றால் யார் வேலிப் படலையில் நிற்கும் சைக்கிளையும் கேளாமல் எடுக்கலாம், பிறகு கொண்டுவந்து விட்டால் சரி. அப்படி யாரோ எடுத்திருப்பார்கள் என்று இந்த மனிதன் இரண்டு நாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். நல்ல வழக்கம்தான். கள்ளனுக்கும் நல்ல வசதி.

மே 2

மூன்று சைக்கிளையும் வீட்டுக்குள் ஏற்றினேன். என்னுடையது, மனைவி பத்மாசனியினது, மகள் இராசமலரினது. இருப்பது ஒரு அறை, ஒரு விறாந்தை, சமையலுக்குக் குசினி. அறையில் ஏற்கனவே கட்டிலும் அலுமாரியும் நெல் மூட்டையும். மலர் பாயில் படுத்தால் கால் சைக்கிள் சில்லில் இடிக்கிறது.

பத்மாசனிக்குக் கோபம். அவள் அரசாங்க மருத்துவிச்சி. அவளுடைய சைக்கிள் எந்நேரமும் படலையில், பையும் கட்டி, றோட்டைப் பார்த்தபடி நிற்க வேண்டுமாம். "பிள்ளையள் என்னட்டைக் கேட்டுட்டே பிறக்குதுகள்? என்ரையை வெளியிலை விடுங்கோ" என்றாள். வெளியில் நிற்பதுதான் முதலில் போகும் என்றேன்.

மே 6

வீரகத்தியின் சைக்கிளும் போய்விட்டது. எங்களுக்கு நாலாவது வீடு. ரயர்த் தடம் வாய்க்கால் கட்டு வழியே போய்க் காட்டோரத்தில் மறைகிறது. அங்கே நின்று பார்த்தேன். யாரோ உள்ளே இருந்து என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. சும்மா மனப்பிரமை.

மே 9

மரம் இழுக்கிற பழைய சங்கிலி ஒன்று வாங்கினேன். மூன்று சைக்கிளின் சில்லுக்குள்ளாலும் விட்டு, அறை நடுவில் நிற்கும் பாலைமரத் தூணைச் சுற்றிப் பெரிய பூட்டுப் போட்டாயிற்று. சாவி என் மடியில். பக்கத்து வீட்டு ஏரம்பு அண்ணை வந்து இழுத்துப் பார்த்தார். "யானை வந்தாலும் ஏலாது" என்றார். எனக்குச் சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்?

பின்னேரம் பத்மாசனிக்கு அழைப்பு வந்தது. நான் வயலில். ஆள் அனுப்பி என்னைக் கூட்டிவந்து திறக்கப் பத்து நிமிடம். பிரசவம் நல்லபடி முடிந்தது. பத்து நிமிடத்தில் என்ன குடிமுழுகிப் போகிறது?

மே 13

தவராசா நடந்தே வந்தான். ஜெகதீஸ்வரிக்கு யூன் முதற்கிழமை பிரசவ நாள். மூத்தது தங்கவில்லை, ஆகையால் பயப்படுகிறான். "அத்தான், மலரின்ரை சைக்கிளை இந்த ஒரு மாதத்துக்குத் தாங்கோவன்" என்றான்.

"உன்ரையையே வேலியிலை விட்டுத் துலைச்சனி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியட்டும், ஒரு பூட்டும் வாங்கித் தாறன்" என்றேன்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெயிலில் நடந்து போனான். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ? ஆனால் சொன்னதில் பிழை இல்லை.

மே 19

திங்கட்கிழமை பொங்கல். எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் லொறியில் போகிறது, வண்டில் உள்ளவர்கள் வண்டிலில். மறுநாள்தான் திரும்புவோம். ஆளிருக்கப் போகும் வீடு எங்களுடையது ஒன்றுதான்: பத்மாசனிக்கு லீவு இல்லை, மலர் துணைக்கு நிற்கிறாள். கள்ளன் இதையெல்லாம் கணக்குப் பார்க்க மாட்டானா? சைக்கிள்களை என் சங்கிலியில் போடுங்கள் என்று நானே வீடு வீடாகச் சொன்னேன். ஒழுங்கையில் சைக்கிள் உள்ள மற்ற நாலு பேரும் கொண்டுவந்தார்கள். எங்களதோடு ஏழு. இனிக் குசினிக்குப் போவதென்றால் பக்கவாட்டில்தான் நகர வேண்டும்.

"திறப்பை வைச்சிட்டுப் போங்கோ" என்றாள் பத்மாசனி. சாவி இருந்தால் கேட்கிற எல்லாருக்கும் கொடுப்பாள், வழக்கம் அப்படி. ஊரார் சாமானுக்கு நான்தானே பொறுப்பு? "இந்தக் கிழமை ஆருக்கும் நாள் இல்லையெண்டு நீதானே சொன்னனி?" என்று கேட்டேன்.

ஜெகதீஸ்வரிக்குச் சுகமாகப் பிள்ளை பிறக்க வேண்டுமென்று அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். போகாமல் இருக்க முடியாது.

மே 21, திங்கள்

லொறி வந்துவிட்டது. சாவி மடியில்.

மே 22

என்ன எழுத.

வீட்டுக்குள் வந்தபோது ஏழு சைக்கிளும் அப்படியே நின்றன. ஒன்றும் களவு போகவில்லை. தூணில் கோடரி வெட்டு. பாதித் தூண் வரை. கீழே மரச் சிராய்.

மலர்தான் சொன்னாள். நேற்று மத்தியானம் மாமா ஓடி வந்தவராம். மாமிக்கு வலி. பதினைந்து நாள் முந்தி. அம்மா சங்கிலியை இழுத்திருக்கிறாள், மாமா பூட்டில் கல்லால் அடித்திருக்கிறான், பிறகு கோடரி எடுத்துத் தூணை. கூரை அசைந்ததும் அம்மா நிற்பாட்டச் சொன்னாளாம். ஒழுங்கையில் ஒரு வண்டில் இல்லை. ஒரு சைக்கிள் இல்லை. எல்லாம் இஞ்சை நிக்குது. என்ரை வீட்டுக்குள்ளை நிக்குது.

மூன்று மைலும் இருவரும் ஓட்டமும் நடையுமாய்ப் போனார்கள். பையைத் தலையில் வைத்துக்கொண்டு.

ஆம்பிளைப் பிள்ளை. கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். பக்கத்துப் பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இவர்கள் போய்ச் சேருமுன் மூச்சு நின்றுவிட்டது. பத்மாசனி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நான் போகேக்கை பிள்ளையின்ரை சூடு ஆறேல்லை."

நான் அப்ப எங்கை நிண்டனான்? பொங்கல் பானைக்கு முன்னாலை. கையெடுத்துக்கொண்டு.

மே 23

நால்வரும் தங்கள் சைக்கிளை எடுத்துப் போனார்கள். ஏரம்பு அண்ணை தூணைத் தடவிப் பார்த்தார். ஒருவராவது ஏசியிருக்கலாம்.

மே 27

மலரின் சைக்கிளைத் தங்கை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன். ஏறி ஓட மனம் வரவில்லை. ஜெகதீஸ்வரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "தங்கச்சி" என்றேன். "ஓம் அண்ணை" என்றாள், திரும்பவில்லை. தவராசா மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டான். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நடந்து வந்தேன்.

யூன் 10

அந்தச் சைக்கிளைத் தவராசா தொடவில்லையாம். மழையிலும் வெயிலிலும் வேலியோடு நிற்கிறது. கள்ளனும் தொடவில்லை.

யூன் 24, ஞாயிறு

ஒழுங்கையில் எல்லாரும் பழையபடி படலையில் சைக்கிளை விடுகிறார்கள். பத்மாசனியின் சைக்கிள் மட்டும் எங்கள் படலையில் இல்லை. ஏரம்பு அண்ணை வீட்டுப் படலையில் நிற்கிறது. அழைப்பு வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே நடந்து போய் ஏறுகிறாள். சங்கிலியை நான் அன்றைக்கே கழற்றிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "தெரியும்" என்றாள்.

பிறகு ஏன் என்று மலரைக் கேட்டேன். "அங்கை நிண்டால் எடுக்க ஏலும் எண்டு அம்மா சொன்னவா, அப்பா" என்றாள்.

என்னுடையது ஒன்றுதான் உள்ளே நிற்கிறது. அறையில் இப்போது கைவீசி நடக்கலாம்.