அது சிட்டுக்குருவி இல்லை, அப்பா

மரக்காணம்
சித்திரை, 2006

என் பொல்லாத அப்பாவுக்கு,

உப்பு வார ஆரம்பித்துவிட்டோம். போன ஐப்பசியில் நீ செத்துப்போனபோது உப்பளப் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீராகக் கிடந்தது. இப்போது வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்துகிறது. முப்பது வருஷம் அதைப் பார்த்தே உன் பார்வை போனது. முதலாளி ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாரா? நீயும் கேட்கவில்லை.

அங்கே கேட்காதவன், வீட்டோடு உட்கார்ந்த பிறகு என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாய். தோட்டத்தில் ஒரு குரல் கேட்டால் போதும். "ஏம்மா, அது இன்னா குருவி? சொல்லு."

வேலியோரச் செம்பருத்தியில் தொங்கியது தேன்சிட்டு. கட்டைவிரல் அளவு உடம்பு, வளைந்த மூக்கு, வெயில் பட்டால் ஊதாவாக மின்னும் கருநீலம். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "சிட்டுக்குருவிப்பா."

ஏன் பொய் சொன்னேன்? எட்டாவது முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் என் கையில் உப்பு வாரும் பலகையைக் கொடுத்தவன் நீ. "பொட்டப்புள்ள படிச்சி இன்னா பண்ணப்போவுது" என்றாய். தம்பியை மட்டும் பாண்டிச்சேரிக்குப் படிக்க அனுப்பினாய். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு ஆறவே இல்லை. எதையும் நான் சொல்லித்தான் நீ பார்க்க முடியும் என்று ஆனபோது, இந்த ஒன்றையாவது உனக்குத் தரக்கூடாது என்று இருந்தது.

நீ நம்பினாய். தினமும் காலையில் குருணை இறைத்தாய். காக்காயும் அணிலும் தின்றன.

"குருவி தின்னுச்சாம்மா?"

"தின்னுச்சுப்பா."

பூவில் தேன் குடிக்கிற குருவி குருணையைத் தொடுமா?

ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, கத்தியோடு செம்பருத்தியைத் தடவித் தடவி வெட்டிக்கொண்டிருந்தாய். "இதுக்குள்ள பூனை ஒளிஞ்சிக்குது. குருவி தரையில எறங்க பயப்படுது" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அதோடு அந்தக் குரல் நின்றது. சாகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தாய். "குருவி ஏம்மா வர்ல? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

நீ செய்த தப்பு வேறு, அப்பா. குருவிக்கு நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அதைச் செய்தவள் நான்.

உன் காரியம் முடிந்த பிறகு, நீ வெட்டிய செம்பருத்திக் கட்டையில் துளிர் விட்டது. நம் கிணற்று உப்புத்தண்ணீரில் கருகிவிடும் என்று தெருக்குழாயில் பிடித்துக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன். போன வாரம் பூத்தது. நேற்று அதே குரல். ஓடிப்போய்ப் பார்த்தேன். கறுப்பாக என்னவோ அசைந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. எனக்கும் கண் மங்க ஆரம்பித்துவிட்டது.

உன் பேத்தியைக் கூப்பிட்டேன். எட்டாவது பரீட்சை முடிந்து வீட்டில்தான் இருக்கிறாள். "அது இன்னா குருவிடி?" என்றேன்.

"தேன்சிட்டும்மா. ஊதா கலரு. மூக்கு வளைஞ்சிருக்குது. தலைகீழா தொங்குது பாரு" என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பொய் சொல்கிற அளவுக்கு அவளுக்கு என்மேல் கோபம் இல்லை, அப்பா. இன்னும் இல்லை.

அந்தக் கோபத்தை வரவும் விடமாட்டேன். ஜூனில் அவள் ஒன்பதாவது போவாள். என் பலகை அவள் கைக்குப் போகாது. உன்னை நான் மன்னிக்கவில்லை, நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். அவள் படிப்பாள், இது மட்டும் சத்தியம்.

உனக்குத் தேன்சிட்டைக் காட்டாத மகள்,
சரோஜா