உசிபாவைத் தொடும் முன்

ஜனவரி 11, 2021

காலையிலிருந்து மழை. குறைமாதக் குழந்தைகள் வார்டில் புதிதாக ஒரு துரை சேர்ந்திருக்கிறார். சியோனேயின் மகன். ஏரியில் பிடிக்கிற உசிபாப் பொடிமீன் அளவுதான் இருக்கிறான். உசிபா என்றே பேர் வைத்துவிட்டேன். கூட வேலை செய்யும் அலினாஃபே திட்டினாள். "புள்ளைக்கு மீன் பேரா? அவங்க அம்மா காதுல விழுந்தா உன்னைப் பொரிச்சு எடுத்துடுவா."

விழாது. கொரோனா வந்ததிலிருந்து தாய்மார்களை உள்ளே விடுவதில்லை. பாலைப் பீய்ச்சி ஜன்னல் வழியாகக் கொடுக்கிறார்கள். முன்பென்றால் இந்நேரம் இவனை அவள் நெஞ்சோடு சேர்த்து, சித்தெஞ்சே துணியால் இறுகக் கட்டியிருப்போம்.

ஜனவரி 14

சியோனே ஜன்னலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள்.

"சிஸ்டர், மூச்சு விடுறானா?"

"விடுறான்மா."

"இப்போ?"

"இப்பவும்தான்!"

சிடுசிடுத்துவிட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை. ஜன்னலருகே தூக்கிக் காட்டினேன். பயல் கொட்டாவி விட்டான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜனவரி 16

வார்டில் இருந்த இரட்டைக் குழந்தைகளில் ஒன்று போய்விட்டது. காய்ச்சல்.

ஜனவரி 18

இன்னொன்றும்.

ஆய்வகத்துக் கச்சாலே நேரில் வந்தார். "காய்ச்சல் கண்ட எல்லாப் புள்ளைங்க ரத்தத்துலயும் ஒரே கிருமி, சிஸ்டர். நீங்க போடுற ஊசிக்கு அசையவே மாட்டேங்குது. கேக்குற ஒரே மருந்து நம்மகிட்ட இல்ல."

எப்படி அசையும்? கொரோனாக் கூடாரத்தில் இருமுகிறவர்களுக்கெல்லாம் அதே ஊசியைத்தானே போட்டுத் தீர்க்கிறோம். கிருமிக்குப் பழகாதா?

ஆனால் குழந்தைக்குக் குழந்தை எப்படித் தாவுகிறது? உள்ளே வெளியாள் யாருமில்லை. நாங்கள் மட்டும்தான் —

ஜனவரி 19

எழுதக் கை வரவில்லை.

மதியம் என்சிமாக் களி சாப்பிட உட்கார்ந்தோம். வழக்கம்போல அலினாஃபே கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். கையுறையைக் கழற்றினேன். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. காலையில் வேலைக்கு வந்ததிலிருந்து இப்போதுதான் கை கழுவுகிறேன்! அதே கையுறையோடு காய்ச்சல் குழந்தைக்குத் துணி மாற்றினேன். அதோடே பக்கத்துத் தொட்டில். அதோடே உசிபா. என்னைக் காப்பாற்றத்தான் அதைப் போட்டிருந்தேன். அவனை யார் காப்பாற்றுவது? சோத்துக்குக் கை கழுவத் தெரியுது, புள்ளைக்குக் கழுவத் தெரியலையே!

"வார்டு வாசல்ல குழாய் வச்ச வாளி இருந்துச்சே, எங்கடி?"

அலினாஃபே முழித்தாள். கொரோனா வந்ததும் அதை ஆஸ்பத்திரி கேட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். கையுறை இருந்ததால் எங்களில் யாரும் தேடவில்லை.

சாயங்காலம் உசிபாவின் உடம்பு சுட்டது. கடவுளே, இவன் வேண்டாம்.

ஜனவரி 20

காவலாளி கம்வெண்டோ வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இது கொரோனா வாளி, மகளே."

"புள்ளைங்க வாளி, பெரியவரே. விடுங்க!"

இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். விஷயத்தைச் சொன்னதும் அவரே தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். கேட்டுக்கு வேறு வாளி வேண்டும் என்று வழியெல்லாம் புலம்பல்.

மேட்ரனிடம் போய் நின்றோம். ஒவ்வொரு குழந்தைக்கும் கை கழுவி, புதுக் கையுறை. இருமல் இல்லாத தாய்மார்களை முகக்கவசத்தோடு உள்ளே விட வேண்டும் என்றோம். அவரவர் பிள்ளையை அவரவரே பார்த்துக்கொண்டால் எங்கள் கை தொட்டிலுக்குத் தொட்டில் போகாது.

"வெளிய இருந்து நோய் வந்துட்டா?"

"உள்ள வந்துடுச்சே, மேட்ரன். எங்க கைலதான் இருக்கு."

மேட்ரன் தலையசைத்தார். மருந்துக்குத் தலைநகர் லிலோங்வேக்கு ஆள் போயிருக்கிறது.

ஜனவரி 22

மருந்து வந்தது. சியோனேயும் உள்ளே வந்தாள். எங்கள் கையிலிருந்துதான் தொற்றியிருக்கும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. என்னையே பார்த்தாள், பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளையை அவள் நெஞ்சோடு வைத்துக் கட்டிவிட்டேன்.

ஜனவரி 26

காய்ச்சல் இல்லை. பால் குடித்தான். என் தங்கமே!

பிப்ரவரி 12

வார்டு முழுக்கத் தாய்மார்கள், ஒரே அரட்டை. புதிதாக யாருக்கும் காய்ச்சல் இல்லை. உசிபாவுக்குக் கன்னம் வந்துவிட்டது. ஆசையாகத் தொடப் போனேன். சியோனே படக்கென்று துணியை இழுத்து மூடினாள்.

"கை கழுவினீங்களா சிஸ்டர்?"

"இப்பத்தாம்மா —"

"நான் பாக்கலையே. போயி கழுவிட்டு வாங்க."

அலினாஃபே விழுந்து விழுந்து சிரித்தாள். போனேன். விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். சியோனே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்ததும் முடிச்சை அவிழ்த்து, அவனை என் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, உங்க உசிபா."