ஒன்பதாம் அறையின் மணி

மார்ச் 4
முதியோர் இல்லத்து அழைப்புமணிக்காக நாங்கள் எழுதும் கணினி நிரலை வைத்து இன்று பெரிய சண்டை. அடிக்கும் ஒவ்வொரு மணியும் அதற்குள் ஒரு கோருட்டீன், அதாவது ஒரு குட்டி நிரல். பாதியில் நின்று காத்திருக்கும். நர்ஸ் ஒருவருக்குக் கை ஒழிந்ததும் நிரல் அடுத்ததை எழுப்பும். எதை முதலில் எழுப்புவது? வந்த வரிசைப்படி என்றார் பக்கத்து மேசைக்காரர் — எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் வக்கீல். "மூச்சுத்திணறலும் தண்ணியும் ஒண்ணா?" என்றேன். அவசரம்தான் முதலில் என்று முடிவானது. "அப்ப காத்திருக்கக் காத்திருக்க சாதாரண மணியும் மேல ஏறிக்கிட்டே வரணும்" என்று வக்கீல் நிரலில் நாலு வரி சேர்த்துவிட்டார். சரியான விடாக்கண்டன்.

மார்ச் 6
வக்கீல் லீவு. வீண் சிக்கல் என்று அந்த நாலு வரியைத் தூக்கிவிட்டேன். இருபது மணிகளை வைத்துச் சோதித்தேன். அத்தனைக்கும் முறை வந்தது. கச்சிதம். அப்படியே இல்லத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 19
ஒன்பதாம் அறைப் பெரியவர் தண்ணீருக்கு மணி அழுத்தியிருக்கிறார். நாற்பத்தேழு நிமிடம் யாரும் போகவில்லை. தானே எழுந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. ஐயோ.

நிரலின் மணிப் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். மற்ற அறைகளிலிருந்து அவசர மணிகள் ஓயாமல் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. என் சோதனையில் இருந்ததே இருபது மணிதான்; அவசர மணிகள் எப்படியும் தீர்ந்துபோகும், கடைசியில் தண்ணீருக்கும் முறை வரும். அங்க தீரவே இல்லையே! இது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு? என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

மார்ச் 20
"அந்த நாலு வரியை நான்தான் எடுத்தேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். வக்கீல் வாதாடவே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 21
நாலு வரியும் திரும்ப உள்ளே. இந்த முறை தீராத அவசரத்தை வைத்துச் சோதித்தேன். தண்ணீர் மணி ஆறாவது நிமிடம் முன்னால் வந்தது. வெறும் நாலு வரி!

ஏப்ரல் 2
ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "ஒரு தடவைதாம்மா அழுத்தினேன். என்னைவிட முடியாதவங்க இருப்பாங்கன்னு பேசாம இருந்துட்டேன்" என்றார்.

மே 8
பெரியவர் இல்லத்துக்குத் திரும்பி ஒரு வாரம். எந்த மணியும் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை, மேலாளர் பாராட்டினார். ஒன்பதாம் அறையிலிருந்து மட்டும் ஒரு மணிகூட இல்லை. பழுதோ என்று பயந்து நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"மணி நல்லாத்தான் இருக்கு. அவர்தான் தொட மாட்டேங்கிறார். தலையணைக்கடியில தண்ணி பாட்டில் வச்சிருக்கார்."