பலம் பத்தல என்று சொன்னவன்

என் உயிரான சண்முகத்தாய் அக்காவுக்கு,

நீ மஞ்சள் காமாலையில் போய் ஒரு மாதம் ஆகிறது. நம் தங்கை பேச்சி போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். நேற்று சித்தப்பா அவளைத் தடுத்தார். "ஒங்கக்காவுக்கு ஒரு குடிகாரப் பயலப் பிடிக்கத் தெம்பு இல்ல. ஒனக்கு எதுக்குட்டி போலீசு?"

பேச்சி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீ அன்னைக்கு அங்கனதான நின்ன? அக்காவுக்கு நெசமாவே பலம் பத்தலையா?"

அன்று குற்றாலத்தில் சாரல் காலம். பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் போலீஸ்காரர்களான உனக்கும் எனக்கும் டூட்டி. குடித்துவிட்டு உள்ளே நுழைந்த ஒருவன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தான். நீ அவன் கையை முறுக்கிப் பாறையோடு சாய்த்தாய். அவன் கூட்டாளி சோடா பாட்டிலோடு வந்தான். பத்தடி தூரத்தில் நின்ற நான் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அந்தப் பெண் படியேறித் தப்பும்வரை நீ பிடியை விடவில்லை. பாட்டிலால் அடித்து உன் மணிக்கட்டை உடைத்த பிறகுதான் அவர்கள் ஓடினார்கள்.

விசாரணையில் இன்ஸ்பெக்டர், "நீ எங்கன நின்ன?" என்றார்.

"பக்கத்துலதான்யா நின்னேன். நான் போய்ச் சேருறதுக்குள்ள விட்டுட்டா. பொம்பளப் பிள்ள, பலம் பத்தல."

கட்டுப்போட்ட கையோடு நீ அங்கேயே நின்றாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெளியே வந்ததும், "வேல போயிரும்னு பயந்துட்டியால?" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. ஏன் அக்கா? ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

அதோடு பெண் போலீசை அருவிக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். உன்னைத் தென்காசி ஸ்டேஷனில் எழுத்து வேலைக்கு உட்கார வைத்தார்கள். நான் ஏட்டு ஆனேன்.

நேற்று சித்தப்பா முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேச்சி அழவில்லை. "இத அக்காகிட்ட சொல்லி மன்னிப்புக் கேட்டியா?" என்றாள். இல்லை என்றேன். எழுந்து உள்ளே போனவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

நாளைக் காலையில் நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டு மேலதிகாரியிடம் கொடுப்பேன். என் வேலை போனாலும் போகட்டும். உன்னைப் பற்றிய பொய் அந்த ஃபைலில் இனி இருக்காது. இது சத்தியம் அக்கா.

உன்னைத் தனியாக விட்டு ஒளிந்த உன் தம்பி,
மாடசாமி