நைனாவுக்குத் தெரியாத இரண்டு சொற்கள்

1973 ஜூன் 12

அம்சாக்கா ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகப் பார்க்கிறாள். அரக்கோணம் ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்க்கிற ஜெர்மன் சிஸ்டர் ஏற்பாடு செய்கிறார். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சத்தியம் வாங்கிக்கொண்டாள். நைனாவுக்குத் தெரிந்தால் ஆவணியிலேயே முறைமாப்பிள்ளை கோதண்டம் பாவாவுக்குக் கட்டிவைத்துவிடுவார். எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.

ஜூன் 15

அக்கா இரண்டு சொல் கற்றுக்கொடுத்தாள். நன்றிக்கு ‘டாங்கே’. பிரியும்போது பெரியவர்களுக்கு நீளமாக ஏதோ உண்டாம். நெருங்கினவர்களுக்கு ‘ச்சூஸ்’ போதுமாம்.

“எங்க, சொல்லு.”

சொன்னேன்.

“மாடு ஓட்ற மாதிரி இருக்குதுடி” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அங்கே தண்ணீர் கொடுத்தால்கூட டாங்கே சொல்ல வேண்டுமாம். பெற்ற அம்மாவுக்குமா?

“ஆங், அம்மாவுக்கும்.”

பாவம், அந்த அம்மாக்கள்.

ஜூன் 19

பாவா வந்தார். தலையில் ஒரு படி எண்ணெய். அக்கா கொடுத்த காப்பியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். “உங்க பாவா டாங்கே சொன்னாரா பாத்தியா?” என்றாள் அக்கா என் காதில். சிரிப்பை அடக்கி விக்கல் வந்துவிட்டது.

“என்னாடி, குசுகுசுன்னு பேசிகினு?” என்றார் நைனா. செத்தேன் என்று நினைத்தேன்.

ஜூன் 27

சொல்லிட்டேன். ஐயோ, சொல்லிட்டேன்.

கிருத்திகைக்கு மலைக்கோயிலுக்குப் போன நைனா வளையல் வாங்கிகினு வந்தாரு. அவரே போட்டுவிட்டாரு. வாய் தானா டாங்கேன்னுடுச்சு. “இன்னாது அது? யாரு கத்துக்குடுத்தா?”ன்னாரு. அழுதுட்டேன். அழுதா எனக்கு எல்லாம் வெளிய வந்துடுது — ஜெர்மனி, சிஸ்டர், எல்லாம். நைனா தறியில போய் உக்காந்துட்டாரு. அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?

ஜூன் 28

அக்கா அடிப்பாள் என்று நினைத்தேன். “வளையலுக்கே இப்பிடின்னா, பட்டுப்பாவாடைக்கு என் பெட்டியவே தூக்கிக் குடுத்திருப்பே” என்றாள். ஆனால் சோறு அவளுக்கு இறங்கவில்லை.

ஜூலை 1

நைனா பகலெல்லாம் தறியில்தான். தறிச் சத்தம் மட்டும்.

ஜூலை 4

காலையில் நைனா கனகம்மாசத்திரத்துக்கு, பாவா வீட்டுக்குப் போனார். கல்யாணத் தேதி வைக்கத்தான் என்று அக்கா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் நைனா வந்து, “கோதண்டத்துக்கு வேற எடம் பாக்கச் சொல்ட்டேன்” என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். கால் கழுவினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“அந்த ஊர்ல, போய்ட்டு வரேன்னு எப்பிடி சொல்வாங்க?”

“ச்சூஸ், நைனா.”

“அதுல வரேன் எங்க கீது?”

அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

“வேணாம். நானே கேட்டுக்கறேன்” என்று எழுந்து அக்கா படுத்திருந்த அறைக்குப் போனார்.