ராணி அன்ரி கை பொத்திய நாள்

செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தை

ராணி அன்ரி இன்று முதல் தடவையாக விரல்களை மடக்கிக் கையை முழுதாகப் பொத்தினார். மணிக்கட்டு முறிந்து, பிளாஸ்டர் வெட்டிய நாளிலிருந்து கிளினிக்கில் நான்தான் அவருக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மணிக்கட்டின் உட்புறத்தில் என் விரலை வைத்திருந்தேன். அவர் மடக்க மடக்க, தோலுக்கடியில் தசைநாண்கள் வழுக்கிப் போவது தெரிந்தது.

"நோகுதா அன்ரி?"

"இல்லைப் பிள்ளை, மடங்குது!" என்று அழுதுவிட்டார்.

வெளியே இருந்த அவருடைய கணவர், அங்கிளைக் கூப்பிட்டேன். அவர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டார். நான் திரும்பி நின்று துவாய்களை மடித்தேன்.

என் கணவர் சுதன் கனடா போய் மூன்று வருஷம். எனக்கு விசா இன்னும் வரவில்லை. இரவு நான் சாப்பிட்ட பிறகு வீடியோவில் வந்தார்.

"இஞ்ச சரியான குளிர். கையைப் பாரும், வெடிச்சுப் போச்சு" என்று உள்ளங்கையைக் காட்டினார்.

"கிறீம் பூசுங்கோ" என்றேன்.

நாள் முழுக்க யார் யாருடைய கைகளையோ பிடிக்கிறேன். கண்ணை மூடினால் ராணி அன்ரியின் ஒவ்வொரு எலும்பும் விரலில் தெரிகிறது. சுதனின் கை எப்படிச் சுடும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.